யின் யாங் வைத்தியத்தின் யோக்கியதை

சீன தேசத்து வைத்தியத்தைப் பற்றி இப்போது நம் பட்டணங்களிலும் பலர் பேசக் கேட்கின்றோம். வைத்தியர் என்பவர் வந்தவருடைய மணிக்கட்டைச் சற்று நேரம் பிடித்துப் பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்லுகிறார், பிறகு "உமக்கு யின் குறைந்துவிட்டது, யாங் மிஞ்சிவிட்டது" என்கிறார். வந்தவரும் ஏதோ பெரிய உண்மையைக் கேட்டுவிட்டவர்போல் தலையை ஆட்டிவிட்டு, பணத்தை வைத்துவிட்டுப் போகிறார். யின் என்பது என்ன, யாங் என்பது என்ன, அது குறைந்தது என்பதை எந்தத் தராசில் நிறுத்து எந்தப் படியில் அளந்து கண்டீர் என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டால், "இது இரண்டாயிரம் வருஷத்து சாஸ்திரமாக்கும்" என்று பதில் வருகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இருந்தவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ அவ்வளவுதான் அதில் இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று நாம் கேட்கின்றோம்.

முதலில் அந்த வார்த்தைகளையே பார்ப்போம். சீனத்தில் யின் என்றால் மலையின் நிழல் விழுந்த பக்கம். யாங் என்றால் வெயில் அடிக்கும் பக்கம். இவ்வளவுதான் பழைய அர்த்தம். மலைக்கு இரண்டு பக்கம் உண்டு, ஒன்றில் வெயிலும் மற்றொன்றில் நிழலும் இருக்கும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் இந்த நிழலையும் வெயிலையும் எடுத்துக்கொண்டு உலகத்திலுள்ள சகலத்தையும் இரண்டு கூடையில் போட்டு நிரப்பிவிட்டார்கள். இரவு, குளிர், நீர், பூமி, கீழ், உள், பெண் ஆகியவை யின்; பகல், சூடு, நெருப்பு, ஆகாயம், மேல், வெளி, ஆண் ஆகியவை யாங். பிறகு உடம்பையும் அதே கூடைகளில் பங்கு போட்டார்கள். இருதயம், ஈரல், மண்ணீரல், நுரையீரல், குண்டிக்காய் ஆகிய ஐந்தும் யின். இரைப்பை, குடல், பித்தப்பை, மூத்திரப்பை முதலியவை யாங். மஞ்சள் சக்கரவர்த்தி கேட்டதாகவும் சி போ என்ற வைத்தியர் விடை சொன்னதாகவும் ஒரு புஸ்தகம் இருக்கிறது. அதுதான் இந்த வைத்தியத்துக்கு மூலநூல். அப்படி ஒரு சக்கரவர்த்தி இருந்தார் என்பது கட்டுக்கதை. அந்த நூலோ கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில் பல கைகள் எழுதிச் சேர்த்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். எழுதியவன் பேரைச் சொன்னால் ஜனங்கள் மதிக்க மாட்டார்கள், ராஜா பேரையோ ரிஷி பேரையோ போட்டால்தான் மதிப்பார்கள் என்பது எந்த தேசத்துப் பண்டிதனுக்கும் தெரிந்த தொழில் இரகசியம்தான் போலும்.

நிற்க, அவர்கள் நோய் அறியும் முறையைப் பார்ப்போம். பார்த்தல், கேட்டும் மோந்தும் அறிதல், விசாரித்தல், தொட்டுப் பார்த்தல் என்று நான்கு வழி சொல்லுகிறார்கள். இதில் குற்றம் ஒன்றுமில்லை. எந்த நல்ல டாக்டரும் இதைத்தான் முதலில் செய்வார். ஆனால் பார்த்த குறிகளை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. குளிரா சூடா, உள்ளா வெளியா, குறைவா மிகுதியா என்று ஆறு தலைப்பில் பிரித்து, அந்த ஆறையும் கடைசியில் யின், யாங் என்ற இரண்டு தலைக்குக் கீழ் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நாடியிலோ இன்னும் வேடிக்கை. மணிக்கட்டில் மூன்று விரலை வரிசையாய் வைக்கிறார்கள். இடது கையில் மூன்று விரலுக்கும் இருதயம், ஈரல், குண்டிக்காய் என்றும், வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் குண்டிக்காய் அல்லது உயிர்வாசல் என்றும் பங்கு உண்டு. லி ஷிஷென் என்ற பண்டிதர் 1564-ல் எழுதிய நூலில் நாடி 27 வகை என்று கணக்குச் சொன்னார். பிற்காலத்தார் 28 என்றார்கள்.

மூன்று விரலும் அமர்ந்திருப்பது ஒரே இரத்தக்குழாயின் மேல். இருதயம் ஒரு தரம் சுருங்கினால் ஒரு அலை ஓடுகிறது. அந்த ஒரே அலைதான் மூன்று விரலையும் அடுத்தடுத்துத் தட்டுகிறது. இருதயம் இரத்தத்தைத் தள்ளுகிறது, அது உடம்பைச் சுற்றி வருகிறது என்று ஹார்வி என்பவர் 1628-லேயே எழுதிவிட்டார். நாடி வேகமா, மெதுவா, தாறுமாறா, பலவீனமா என்று தெரியலாம், அது உபயோகமும்கூட. நடுவிரலுக்குக் கீழே ஈரல் வந்து ஏன் பேச வேண்டும்? அதற்கு அங்கே போவதற்கு வழி எது?

இன்னொரு சங்கதி. உடம்பு சுட்டால் யாங் மிஞ்சியது என்பார்கள். யாங் சரியாய் இருந்தும் யின் குறைந்துபோனாலும் உடம்பு சுடும் என்பார்கள். சுடுவதுபோல் தோன்றும், ஆனால் உள்ளே இருப்பது குளிர், இது பொய்ச் சூடு என்றும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கை கால் சில்லிட்டுக் கிடந்தாலோ, உள்ளே கொதிக்கிறது, இது பொய்க் குளிர் என்பார்கள். யின்னுக்குள் யாங் உண்டு, யாங்குக்குள் யின் உண்டு, ஒன்று முற்றினால் மற்றொன்றாய் மாறும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே எந்த நோயாளி எந்தக் குறியோடு வந்தாலும் சாஸ்திரம் ஜெயித்துவிடும். பிழைத்தால் யின் யாங் சரிப்பட்டது, செத்தால் யின் யாங் பிரிந்தது. தோற்கவே முடியாதபடி கட்டப்பட்ட சாஸ்திரம் எதையும் கண்டுபிடித்ததாக ஆகாது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தன் வாக்குப் பலித்தது என்று சொல்லும் ஜோசியனுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இது வெறும் வார்த்தைச் சண்டை என்று யாராவது நினைத்தால் ஒரு உதாரணத்தைக் கவனிக்கட்டும். சாயங்காலமானால் மெல்லக் காய்ச்சல், இராத்திரியில் வியர்வை, உள்ளங்கை உள்ளங்காலில் எரிச்சல், கன்னத்தில் சிவப்பு, வறட்டு இருமல், சளியில் இரத்தக் கீற்று, நாளுக்கு நாள் உடம்பு மெலிவு. இவ்வளவையும் அந்த வைத்தியர்கள் வெகு நுட்பமாய்க் கவனித்து எழுதியிருக்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்த பேர் நுரையீரலின் யின் குறைவு. இதைப் படித்தவுடன் நம் வாசகர்களில் அநேகருக்கு வேறு பேர் ஞாபகம் வந்திருக்கும். ஆம், இது க்ஷயரோகம். 1882-ல் கோக் என்ற ஜெர்மானியர் இதை உண்டாக்கும் கிருமியைக் கண்ணாடியில் பார்த்து உலகத்துக்குக் காட்டினார். 1943-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும், அதன் பின்னால் வந்த மருந்துகளும் அந்தக் கிருமியைக் கொல்லுகின்றன. இன்று ஆறு மாதம் ஒழுங்காய்ச் சாப்பிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். கண் நன்றாய்த்தான் பார்த்தது. காரணம் சொல்ல வந்த இடத்தில் நிழலையும் வெயிலையும் பேசிற்று. யின்னை ஊட்டும் கஷாயம் காய்ந்துகொண்டிருந்தபோது நோயாளியின் இருமலில் கிருமி புறப்பட்டு, பக்கத்தில் படுத்திருந்த பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் போய்க்கொண்டிருந்தது. எத்தனை நூற்றாண்டு! இன்று சீனத்திலேயே க்ஷயரோகிக்குக் கிருமியைக் கொல்லும் மருந்துதான் கொடுக்கிறார்கள். அங்கே யின் தோற்றுப்போனதை அந்த சர்க்காரே ஒப்புக்கொண்டாயிற்று என்றுதானே இதற்கு அர்த்தம்?

பெண்ணைக் குளிர், இருட்டு, கீழ் என்ற கூடையில் போட்டார்கள் என்று மேலே சொன்னோம். இது ஏதோ தற்செயலாய் நேர்ந்ததல்ல. யாங் உயர்ந்தது, யின் தாழ்ந்தது என்று தோங் சோங்ஷு என்ற பண்டிதர் பேரால் வழங்கும் நூலில் ஒரு அதிகாரமே இருக்கிறது. அரசன் யாங், குடி யின். தகப்பன் யாங், மகன் யின். புருஷன் யாங், பெண்டாட்டி யின். வீட்டிலும் ராஜ்யத்திலும் யார் யாருக்கு அடங்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகு அதையே மலைக்கும் வானத்துக்கும் ஈரலுக்கும் எழுதி வைத்து, "பார், இயற்கையே இப்படித்தான்" என்கிறார்கள். ஆணுக்கு இடது கை நாடி, பெண்ணுக்கு வலது கை நாடி என்ற வழக்கமும் இதில் பிறந்ததுதான். வசதியுள்ள குடும்பத்துப் பெண் நோயில் கிடந்தால் வைத்தியர் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. திரைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டுவாள்; அதன்மேலும் ஒரு மெல்லிய துணியைப் போடுவார்கள். நான்கு வழியில் பார்க்க வேண்டும் என்று சொன்ன சாஸ்திரம் பெண் விஷயத்தில் துணிக்கு மேல் மூன்று விரல் என்ற அளவில் நின்றுபோயிற்று. அப்படிப் பார்த்து எத்தனை பெண்களுக்கு என்ன நோய் என்று தெரியாமலே போயிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சீனர்களிலேயே இதைக் கேட்டவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். அவர்களில் வாங் சிங்ரென் என்பவரை நாம் மிகவும் மதிக்கின்றோம். அவரும் பழைய முறை வைத்தியரே. உள்ளுறுப்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் மருந்து கொடுப்பது எப்படி என்ற கவலை அவருக்கு வெகுநாளாய் இருந்தது. செத்தவர் உடம்பை அறுப்பதோ பெரிய பாவம். 1797-ல் லுவான்சோ என்ற ஊர்ப்பக்கம் குழந்தைகளுக்குக் கொள்ளைநோய் வந்தது. ஏழைகள் செத்த குழந்தைகளைப் பாயில் சுற்றி, ஆழமில்லாமல் புதைத்துவிட்டுப் போனார்கள். நாய்கள் இழுத்துப்போட்டுக் கிழித்தன. வாங் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாராம். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு, பத்து நாள் காலையில் அங்கே போய், முப்பது உடல்களுக்குக் குறையாமல் உட்கார்ந்து பார்த்தார். பழைய படங்களுக்கும் தன் கண்ணுக்கும் ஒத்துவரவில்லை. 1830-ல் பழைய வைத்திய நூல்களின் பிழைகளைத் திருத்துவதாகவே ஒரு புஸ்தகம் போட்டார். அதில் அவரும் பிழை செய்திருக்கிறார். செத்த உடம்பில் தமனிகள் வெறுமையாய் இருக்கக் கண்டு, அவற்றில் காற்றுத்தான் ஓடுகிறது என்று எழுதிவிட்டார். செய்தாலென்ன? கண்ணால் பார்த்துச் சொன்ன பிழையை இன்னொருவன் கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம். சக்கரவர்த்தி சொன்ன பிழையை யார் திருத்துவது?

ஜப்பானில் இதே வேலை அவருக்கும் முன்னமே நடந்தது. அங்கேயும் சீன வைத்தியம்தான். யொஷிமாசு தோதோ என்ற வைத்தியர் 18-ம் நூற்றாண்டிலேயே யின் யாங் பேச்சு வெறும் ஊகம், வயிற்றைத் தொட்டுப் பார், நோயைப் பார் என்றார். 1771-ல் சுகிதா கென்பாகுவும் அவர் தோழர்களும் ஒரு டச்சுப் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மரண தண்டனை அடைந்த ஒரு ஸ்திரீயின் உடலை அறுப்பதைப் பார்க்கப் போனார்கள். நுரையீரலுக்கு ஆறு மடலும் இரண்டு காதும் என்றும், ஈரலுக்கு இடப்புறம் மூன்று மடல் வலப்புறம் நாலு மடல் என்றும் சீன நூலில் படித்தவர்கள் அவர்கள். அங்கே பார்த்ததோ டச்சுப் படத்துக்கு அப்படியே பொருந்திற்று. திரும்பி நடந்து வரும்போதே அந்தப் புஸ்தகத்தை மொழிபெயர்ப்பது என்று தீர்மானித்து, அந்த பாஷை சரியாய்த் தெரியாமலே முட்டி மோதி 1774-ல் வெளியிட்டார்கள்.

லூ சுன் என்ற பெரிய எழுத்தாளர் கதை வேறு விதம். அவர் பையனாயிருந்தபோது தகப்பனாருக்கு வீக்கநோய். பல வருஷம் ஏறக்குறைய தினமும் அடகுக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் அலைந்தார். பேர்போன வைத்தியர்கள் எழுதிய மருந்தோ, மூன்று வருஷம் பனி கண்ட கரும்பும், ஒரே வளையில் வாழும் ஆதி ஜோடியான ஒரு ஜதை சில்வண்டும்! மறுமணம் செய்துகொண்ட பூச்சி மருந்துக்குக்கூட உதவாது போலும் என்று அவரே பிற்காலத்தில் பரிகாசம் செய்திருக்கிறார். இந்த வீக்கத்துக்குச் சீனத்தில் மத்தள வீக்கம் என்று பேர். ஆகவே கிழிந்த மத்தளத் தோலில் செய்த மாத்திரை கொடுத்தால் வீக்கம் உடையும் என்றார்கள். பேருக்கு வைத்தியம் செய்தார்களே தவிர நோய்க்குச் செய்யவில்லை. 1896-ல் தகப்பனார் இறந்தார். பையன் பெரியவனாகி, 1904-ல் ஜப்பானில் செண்டாய் என்ற ஊருக்கு வைத்தியம் படிக்கப் போனதற்கு இந்த நெஞ்செரிச்சலும் ஒரு காரணம்.

லியாங் சிச்சாவ் என்ற அறிஞர் யின் யாங், பஞ்சபூதம் என்ற இவைதான் இரண்டாயிரம் வருஷத்து மூடநம்பிக்கைக்கெல்லாம் பெரிய கோட்டை என்று 1923-ல் எழுதினார். 1926-ல் அவருக்கே மேனாட்டு முறையில் ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள்; எடுத்தும் நோய் தீரவில்லை. ஊரெல்லாம் "பார்த்தாயா உன் ஆங்கில வைத்தியத்தை" என்று சிரித்தது. அவர் என்ன செய்தார்? ஒரு டாக்டரிடம் தவறு நேர்ந்தால் அதற்காக ஜனங்கள் விஞ்ஞான வைத்தியத்தையே வெறுத்துவிடக் கூடாது என்று பத்திரிகையில் எழுதினார். இப்படிப்பட்ட யோக்கியப் பொறுப்பு எத்தனை பேருக்கு வரும்? 1929-ல் யூ யுன்ஷியூ என்ற டாக்டர் பழைய வைத்தியத்தைச் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டுமென்று சர்க்கார் கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தார். மார்ச் 17-ந் தேதி ஷாங்காயில் பழைய வைத்தியர்களும் மருந்துக்கடைக்காரர்களும் கூடிக் கிளர்ச்சி செய்ததில் அது கிடப்பில் போடப்பட்டது. சட்டத்தினால் ஒழிக்க நினைத்தது சரியா என்பதில் நமக்கே சந்தேகம் உண்டு. ஜனங்களுக்கு வேறு வைத்தியர் இல்லாத ஊரில் இருக்கிறவரையும் துரத்திவிட்டால் நோயாளி எங்கே போவான்? 1949-ல் வந்த சர்க்காரும் இந்தக் கஷ்டத்தினால்தான் பழைய வைத்தியத்தை அணைத்துக்கொண்டது. மேனாட்டு முறை படித்தவர்கள் வெகு சொற்பம். பழைய முறையினரோ பல லட்சம். 1956-ல் அதற்கென்று கல்லூரிகளும் ஏற்பட்டன. அவசரத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடு பிறகு தேசப் பெருமையாய் மாறிவிட்டது.

"மூலிகையில் குணமானதே இல்லையா?" என்று நம்மைக் கேட்பார்கள். உண்டு. 1967-ல் சீனத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடும் வேலை இரகசியமாய்த் தொடங்கிற்று. தூ யூயூ என்ற அம்மையார் பழைய ஏடுகளைப் புரட்டினார். 4-ம் நூற்றாண்டில் கே ஹொங் என்பவர் எழுதிய கைமுறை நூலில் சிங்ஹாவ் என்ற பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று இருந்தது. காய்ச்சு என்று இல்லை. சூட்டில் மருந்து கெட்டுவிடுகிறதோ என்று அம்மையாருக்குத் தோன்றிற்று. குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சாரம் எடுத்தார். 1971-ல் அது எலி, குரங்குகளிடத்தில் மலேரியாக் கிருமியை அடியோடு ஒழித்தது. 1972-ல் தாமும் சகாக்களும் முதலில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிறருக்குக் கொடுத்தார்கள். 2015-ல் நோபல் பரிசு வந்தது. இதில் யின் எங்கே, யாங் எங்கே? ஏட்டிலிருந்த நூற்றுக்கணக்கான மூலிகைகளைச் சோதித்து, பலிக்காததைத் தள்ளி, பலித்ததை வைத்துக்கொண்டார். 1897-ல் சிகந்தராபாத்தில் ராஸ் என்பவர் கொசுவின் வயிற்றில் கண்ட கிருமி இருக்கிறதே, அதைத்தான் இந்த மருந்து கொல்லுகிறது. நோயாளி யின் ஆசாமியா யாங் ஆசாமியா என்று அது விசாரிப்பதில்லை.

சோதிக்காத மூலிகையின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்ட நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஃபாங்ஜி என்ற ஒரே பேரில் சீனத்தில் இரண்டு பூண்டுகள் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போய்விட்டது. போனதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற விஷம் இருந்தது. இளைக்க மருந்து கொடுத்தது சீன சாஸ்திரத்தின்படி அல்ல என்பார்கள், வாஸ்தவம். ஆனால் சாஸ்திரப்படியே அவ்விதப் பூண்டுகளைச் சாப்பிட்ட தைவானிலும் அதே விஷத்தின் அடையாளம் மூத்திரப்பாதைப் புற்றுநோயில் காணப்பட்டிருக்கிறது. எத்தனை நூற்றாண்டு நாடி பிடித்தும் இந்த விஷம் ஒரு விரலுக்கும் தட்டுப்படவில்லை. காண்டாமிருகக் கொம்பு குளிர்ச்சி, காய்ச்சலைத் தணிக்கும் என்று அந்த மிருகத்தையே அழிவுக்குக் கொண்டுவந்தார்களே, அந்தக் கொம்பு நம் விரல் நகத்தில் இருக்கும் அதே சரக்கு. 1993-ல் சீன சர்க்காரே அதை மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

உலக சுகாதார ஸ்தாபனமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று சிலர் துண்டுப் பிரசுரம் போடுகிறார்கள். 2019-ல் ஏற்கப்பட்டு 2022 முதல் நடைமுறையில் இருக்கும் நோய்ப் பெயர்ப் பட்டியலில் யின் குறைவு முதலியவற்றுக்கும் ஒரு அதிகாரம் கொடுத்திருப்பது உண்மைதான். அது எண்ணிக் கணக்கு வைப்பதற்கு; வேண்டுகிறவர்கள் உபயோகிக்கலாம்; மருந்து பலிக்கும் என்பதற்கு அத்தாட்சியல்ல என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கணக்கிலாவது ஒற்றுமை இருக்கிறதா? அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் கீல்வாயு உள்ள 39 பேரை மூன்று சீன முறை வைத்தியர்களிடம் தனித்தனியே காட்டி, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே நோயாளிக்கு வைத்தியர்கள் ஒரே முடிவு சொன்னது நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு. ஒரே மூட்டையை மூன்று தராசில் போட்டு மூன்று எடை வந்தால் நம் கிராமத்து வியாபாரி தராசுக்காரனை என்ன கேட்பான்?

சீனன் கதையென்று சிரிக்கும் நம்மவர்கள், பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி, பித்தம் தலைக்கேறிற்று என்று தங்கள் வீட்டில் தினமும் பேசுவதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாய் நம் ஊர் விஷயம். நாடி பார்த்து யின் யாங்கைச் சரிசெய்வோம், ஊசியும் மாத்திரையும் வேண்டாம், சர்க்கரை வியாதிக்கு இன்சுலினை விட்டுவிடு என்று சொல்லுகிறவர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். சர்க்கரை வியாதியைச் சீன நூல்கள் வற்றும் தாகம் என்று அழைக்கின்றன. தாகம், ஓயாத மூத்திரம், மெலிவு எல்லாவற்றையும் சரியாய் எழுதி, இதுவும் யின் குறைவே என்று முடித்திருக்கின்றன. அந்த யின்னை ஊட்டிக்கொண்டிருந்த அத்தனை காலமும் இந்த வியாதி வந்த சிறு பிள்ளைகள் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் செத்தார்கள். 1922-ல் கனடாவில் ஒரு பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அது முதல்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். உடம்பில் இன்சுலின் அடியோடு சுரக்காத பிள்ளைக்கு அந்த ஊசியை நிறுத்தினால் சில நாளைக்குள் இரத்தத்தில் அமிலம் ஏறி, வாந்தியும் பெருமூச்சும் கண்டு, நினைவு தப்பிவிடும். அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய் தகப்பன் பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறார்கள். நாடி பிடித்தவர் கூட வருவதில்லை.